ஒன்றரை டன் குளிர்ச்சி

எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஏஸி யந்திரம் இருக்கிறது. கீழே, கூடத்தை ஒட்டிய அறையில் இன்னொன்று. இரண்டையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலைக்குத்தான் வாங்கினேன். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒருவனைப் போல் ஒருவன் இருப்பதில்லை அல்லவா? கீழே இருப்பது அரை மணி ஓடினால் போதும், போர்வையைத் தேட வேண்டியிருக்கும். மேலே இருப்பது விடிய விடிய ஓடும். ஆனாலும் கைவிசிறியைத் தேட வேண்டியிருக்கும்.

வீடு திருவல்லிக்கேணியில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கட்டடம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நீளும். மாடியில் ஒரே ஓர் அறை. அதற்கு மேலே மொட்டை மாடி. அந்த மாடி அறையில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது 84. பெரியப்பா காலமான பிறகும் அந்த அறையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

"கீழே வந்து படுத்துக்கொள்ளேன், பெரியம்மா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

"நாற்பது வருஷம் இந்த ஜன்னலைப் பார்த்துத்தான் கண்ணை மூடியிருக்கேன். இனிமேல் உன் சுவரைப் பார்த்து எனக்குத் தூக்கம் வருமா?" என்பாள். அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திரத்தில் ஓர் இரவு, தண்ணீர் குடிக்க எழுந்தவள் தலை சுற்றிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, அடிபடவில்லை. மறுநாள் வந்து பார்த்த டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "பகல் வெயிலைக்கூட இந்த வயதில் தாங்கிவிடுவார்கள். ராத்திரியிலும் உடம்பு ஆறாமல் இருந்தால் அதுதான் ஆபத்து. அறையைக் குளிரப் பண்ணுங்கள்" என்றார்.

உடனே யந்திரம் பழுது பார்க்கும் பையனுக்குச் சொல்லி அனுப்பினேன். கெட்டிக்காரப் பையன். வலையைக் கழற்றிக் கழுவினான். வாயு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். மூக்கைத் துளைக்கும் தூசியெல்லாம் வெளியே வந்தது. எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "மிஷின்ல ஒரு குறையும் இல்ல, சார். ஒன்றரை டன் பத்தல. ரெண்டு டன்னா மாத்திடுங்க" என்றான்.

"எதில் இரண்டு டன், தம்பி? இந்தப் பெட்டியை நீ ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாயே, அது எப்படி ஒன்றரை டன் இருக்கும்?"

அவன் சிரித்தான். "அது அப்படித்தான் சார் சொல்றது. கெப்பாசிட்டி!"

அவன் போன பிறகும் அந்த டன் என் மண்டையில் உருண்டுகொண்டே இருந்தது. அரிசியை மூட்டையால் அளக்கிறோம், துணியை முழத்தால் அளக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத குளிர்ச்சியை எதற்காக டன்னால் அளக்க வேண்டும்? புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்த பதில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடற்கரைச் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஐஸ் ஹவுஸைத்தான் சொல்கிறேன்.

டன் என்பது பனிக்கட்டியின் எடை. யந்திரம் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி வேண்டுமென்றால் பனிக்கட்டி வாங்க வேண்டும், வேறு வழியில்லை. பின்னால் யந்திரம் செய்தவர்கள், "எங்கள் யந்திரம் நாளொன்றுக்கு இத்தனை டன் பனிக்கட்டியின் வேலையைச் செய்யும்" என்று சொல்லி விற்றார்கள். குதிரை போன பிறகும் குதிரை சக்தி என்ற பேச்சு நின்றுவிட்டதைப் போல, பனிக்கட்டி போன பிறகும் டன் நின்றுவிட்டது. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் 2,000 பவுண்டு. அவ்வளவு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எத்தனை உஷ்ணத்தை உறிஞ்சுமோ, அத்தனை உஷ்ணத்தை அறையிலிருந்து வெளியேற்றும் யந்திரம் ஒரு டன் யந்திரம். எங்கள் மாடியில் இருப்பது ஒன்றரை டன். அதாவது, நாள் முழுவதும் ஓடினால், சுமார் 1,360 கிலோ பனிக்கட்டியைப் பெரியம்மாவின் கட்டிலைச் சுற்றி அடுக்கி வைத்ததற்குச் சமம்! அவ்வளவு பனிக்கட்டி போயும் ஓர் அறை குளிரவில்லை என்றால், குற்றம் பனிக்கட்டியிலா இருக்கும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டவர் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்து கிடக்கின்றன. வெப்ப நாடுகளில் வெள்ளைக்காரர்கள் வெந்து கிடக்கிறார்கள். இதை அங்கே கொண்டுபோய் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊர் சிரித்தது. பணமும் போயிற்று. ஆனாலும் மனிதர் விடவில்லை. 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பிரயாணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தாக வேண்டும். கப்பல் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது!

எப்படி மிஞ்சியது? பனிக்கட்டியை இன்னும் குளிர வைக்க அவரிடம் எந்த யந்திரமும் கிடையாது. மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் குவிந்த மரத்தூளை வாங்கிப் பனிக்கட்டியைச் சுற்றிலும் திணித்தார். அவ்வளவுதான். குளிர்ச்சியைக் கூட்டுவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. உஷ்ணம் உள்ளே வரும் வழியை அடைத்தார். வியாபாரத்தின் முழு ரகசியமும் அந்த மரத்தூளில் இருந்தது.

சென்னையில் அவர் பனிக்கட்டியை இறக்கி வைக்க 1842-ல் கட்டியதுதான் வட்டமான அந்த ஐஸ் ஹவுஸ். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இப்படிக் கட்டியவை போய்விட்டன. நம் ஊரில் மட்டும் நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தாம் குடியிருந்த வால்டன் குளத்தில் டியூடரின் ஆட்கள் பனிக்கட்டி வெட்டுவதைப் பார்த்து, 1854-ல் வெளியான தம் புத்தகத்தில் அது போய்ச் சேரும் ஊர்களைச் சொல்லும்போது சென்னையையும் பெயரிட்டுக் குறிப்பிட்டிருக்கிறார். பிறகு நீராவி யந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கினார்கள். கப்பல் வியாபாரம் படுத்தது. கட்டடம் கை மாறி, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. அவர் அதை வீடாக்க விரும்பினார். என்ன செய்தார் தெரியுமா? சுற்றிலும் தாழ்வாரம் எடுத்து, வரிசையாக ஜன்னல்கள் வைத்தார். பனிக்கட்டிக்காகக் கட்டிய இடம் மனிதனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பனிக்கட்டிக்குக் காற்றே ஆகாது. மனிதனுக்குக் காற்று இல்லாமல் ஆகாது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் வந்து தங்கியது அந்த வீட்டில்தான். 1963-ல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயரிட்டார்கள். ஆனால் பேட்டைக்காரர்களுக்கு இன்றைக்கும் அது ஐஸ் ஹவுஸ்தான்.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு விஷயம் சுரீரென்று உறைத்தது. ஐயங்கார் பனிக்கட்டிக் கிடங்கை மனித வீடாக்கினார். நாங்கள் மனித வீட்டைப் பனிக்கட்டிக் கிடங்காக்கப் பார்க்கிறோம். அதுவும் ஜன்னல், முற்றம், காற்றுப் போக்கி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு!

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் உஷ்ணம் எல்லா அறையிலும் ஒரே மாதிரியாகவா இருந்தது? ஒருநாளும் இல்லை. மனிதர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். உச்சிவேளையில் எல்லாரும் கூடத்துத் தரையில் படுப்போம். சாயங்காலம் கடல் காற்று எழுந்ததும் திண்ணைக்கு வந்துவிடுவோம். இருட்டியதும் மொட்டை மாடியில் இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டி, ஆவி அடங்கிய பிறகு பாயை விரிப்போம். கோடையில் மாடி அறையில் இரவு தூங்கியவர் ஒருவருமில்லை. அது கோடை இரவுக்கென்று கட்டிய அறையே அல்ல. பிறகு கொசு பெருகியது. சுற்றிலும் அடுக்கு மாடிகள் எழும்பிக் காற்றை மறித்தன. மொட்டை மாடிப் படுக்கை நின்றது. மழைச்சாரலுக்குப் பயந்து முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டோம். அனல் வெளியேறும் வாய் அதோடு அடைந்தது. முன்பெல்லாம் உஷ்ணம் இருந்த இடத்தில் இருந்தது; நாங்கள் நகர்ந்தோம். இப்போது நாங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு உஷ்ணத்தை நகரச் சொல்கிறோம்.

நகரச் சொன்னால் அது சொன்னபடி நகருமா? இதை நன்றாக அறிந்தவர் ஃபுளோரிடாவில் இருந்த ஜான் கோரி என்ற வைத்தியர். 1840-களில் ஜுரத்தில் கிடந்த நோயாளிகளின் அறைகளைக் குளிர்விக்க நினைத்தார். பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்தைக் கட்டிலுக்கு அருகில் வைக்கவில்லை, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனமானது, தானாகவே கீழே இறங்கும் என்பது அவர் கணக்கு. இறங்கும் காற்று நோயாளியைத் தடவிக்கொண்டு தரை ஓரமாக வெளியேற வழி செய்தார். பனிக்கட்டி வடக்கேயிருந்து கப்பலில் வந்தாக வேண்டியிருந்தபடியால், அதைத் தாமே செய்ய ஒரு யந்திரம் அமைத்து 1851-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் முதல் போட ஆள் கிடைக்காமல், 1855-ல் மனமுடைந்து இறந்துபோனார்.

அவருக்குத் தெரிந்தது பின்னால் வந்தவர்களுக்கு மறந்துவிட்டது. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது எஞ்சினீயர், 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக இன்றைய ஏஸியின் முதல் யந்திரத்தை வகுத்தார். காற்றின் ஈரத்தில் காகிதம் உப்பியும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை என்பதுதான் அங்கே சிக்கல். ஆக, ஏஸி பிறந்தது மனிதனுக்காக அல்ல, காகிதத்துக்காக! அதற்கு 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்தவரும் ஒரு நூற்பாலை எஞ்சினீயர்தான். 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்பவர்.

மனிதர்களுக்கென்று வந்தபோது யந்திரம் திண்டாடியது. அமெரிக்காவில் சில சினிமாக் கொட்டகைகளில், குளிர்ந்த காற்றை நாற்காலிகளுக்குக் கீழே தரைத் துவாரங்கள் வழியாக விட்டார்கள். விளைவு? ரசிகர்களுக்குக் காலில் குளிர் ஜுரம், தலையில் அக்கினி. காலைச் சுற்றிச் செய்தித்தாளைக் கட்டிக்கொண்டு படம் பார்த்ததாகச் சொல்வார்கள். கேரியரின் ஆட்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். காற்றை மேல்தளத்திலிருந்து மெல்ல இறங்கவிட்டு, கீழே உறிஞ்சிக்கொண்டார்கள். 1922-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கொட்டகையில் அது பலித்தது. 1925-ல் நியூயார்க் ரிவோலி கொட்டகையில் முதல் நாள் கூட்டம் கைவிசிறியோடு வந்தது. குளிர்ச்சி பரவப் பரவ, விசிறிகள் ஒவ்வொன்றாக மடிக்குள் இறங்கின. யந்திரத்தின் பலத்தைக் காட்டிலும் காற்று வந்த வழிதான் அங்கே முக்கியமாயிற்று.

எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தவள் பெரியம்மா. ஒருநாள் மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏண்டா, இந்தப் படியில் காலை வைத்தால் ஜில்லென்று இருக்கிறதே, முகத்தில் அனல் அடிக்கிறதே, என்ன அதிசயம்?" என்றாள். பூஜையறையிலிருந்து ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு போனேன். படியின் உச்சியில், முழங்காலுக்குக் கீழே பிடித்தேன். புகை படி இறங்கிக் கீழே போயிற்று. தலைக்கு மேலே பிடித்தேன். புகை கீழிருந்து வந்து மாடி அறைக்குள் புகுந்தது. பெரியம்மா கைகொட்டிச் சிரித்தாள். "காசு கொடுத்து வாங்கின குளிர் காலால் நடந்து கீழே போகிறது, பார்!"

உண்மைதான். மாடிப்படிக்குக் கதவு கிடையாது. மாடியில் உண்டான குளிர்ச்சி படி வழியே இறங்கிக் கீழ்வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழ்வீட்டு அனல் அதே படி வழியே ஏறி, பெரியம்மாவின் அறையில் விருந்தாளியாகத் தங்கிவிட்டது. கீழே இரண்டு யந்திரங்களின் குளிர். மேலே இரண்டு தளத்தின் உஷ்ணம். பையன் சொன்னபடி இரண்டு டன் யந்திரம் வைத்திருந்தால் கூடத்தில் இன்னொரு போர்வை தேவைப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

டன்னைக் கூட்டுவதால் மட்டும் காரியம் ஆகிவிடுமானால், 1881-ல் வெள்ளை மாளிகையில் ஓர் உயிர் பிழைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். கொளுத்தும் கோடை. படுக்கையில் கிடந்தவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கடற்படை எஞ்சினீயர்களும் சைமன் நியூகோம்ப் என்ற வானசாஸ்திரியும் சேர்ந்து ஒரு சாதனம் அமைத்தார்கள். பனிக்கட்டி உருகிய நீரில் நனைந்த துணித் திரைகளின் ஊடே காற்றை விசிறியால் தள்ளிக் குழாய் வழியாக அறைக்குள் விட்டார்கள். உஷ்ணம் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. இரண்டு மாதத்துக்குள் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் பனிக்கட்டி கரைந்தது. வகுத்துப் பார்த்தேன், நாளொன்றுக்கு நாலு டன்னுக்கு மேல் வருகிறது. ஒரே ஓர் அறைக்கு!

அறையின் உஷ்ணம் தணிந்தது. உடம்பின் ஜுரம் தணியவில்லை. வைத்தியர்கள் கழுவாத விரல்களைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள். தேடத் தேடச் சீழ் பிடித்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி அவர் இறந்தார். குண்டைக் காட்டிலும் அந்த விரல்கள்தாம் அவரைக் கொன்றன என்பது இன்றைய வைத்தியர்களின் தீர்ப்பு. கோளாறு ஓரிடத்தில் இருக்க, வேறிடத்தில் தேடியதன் பலன். எங்கள் பையன் யந்திரத்துக்குள் தேடினானே, அவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அந்த மாளிகையின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகப் பகுதி 1929-ல் தீப்பற்றியது. திரும்பக் கட்டியபோது, 1930-ல், அதற்கு ஏஸி வந்தது. 1933-ல் குடியிருக்கும் அறைகள் சிலவற்றுக்குத் தனித்தனி யந்திரங்கள் வைத்தார்கள். மாளிகை முழுவதற்கும் ஒரே ஏற்பாடு வந்தது எப்போது? 1948-ல் ட்ரூமன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தளங்கள் அவ்வளவு தளர்ந்திருந்தன. வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் பெயர்த்தெடுத்து, இரும்புச் சட்டம் போட்டு, 1952-ல் புதுக்குடித்தனம் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் மாளிகை முழுவதும் குளிர்ந்தது. பழைய வீட்டுக்குள் புதிய காற்றைச் சமமாகப் பரப்ப வேண்டுமானால் ஒன்று வீட்டின் குடலையே உருவி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வீடு சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஜனாதிபதிக்கு முதல் வழி கட்டும். எனக்கு இரண்டாவதுதான்.

வீடு சொல்வதைக் கேட்க ஒரு வயதான கொத்தனாரை அழைத்து வந்தேன். அவர் மாடி அறையின் மேல்தளத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இது மெட்ராஸ் டெரஸ், ஐயா. தேக்கு உத்தரத்து மேலே செங்கல்லைச் சாய்வா நிறுத்தி அடுக்குவோம். அதுக்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காத் தண்ணி தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து நாள்கணக்கா கட்டையால தட்டுவாங்க. அப்புறம் தட்டோடு. இது பகல் பூரா வெயிலைக் குடிக்கும். ராத்திரி பூரா கக்கும். நீங்க படுக்கப் போற நேரத்துலதான் இது முழிச்சுக்கும்" என்றார். டாக்டர் சொன்ன ஆபத்தும் இதுவும் ஒரே சங்கதி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு செய்த காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கலாம். தட்டோடுகளின் சந்துகளை அடைத்து, மொட்டை மாடி முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு முறை பூசினோம். வெயிலில் பாதி வந்த வழியே திரும்பிப் போகட்டும் என்று. மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் பங்குனியில் பூச வேண்டும். மாடிப்படியின் உச்சிக்கு ஒரு கதவு போட்டோம். அதன் அடியில் இடைவெளி இல்லாமல் ரப்பர் பட்டை ஒட்டினோம். மேல்சுவரில் இருந்த காற்றுப் போக்கிகளுக்குக் கண்ணாடி வைத்தோம். ஏஸி ஓடாத நாளில் திறந்துகொள்ளலாம். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை தொங்கியது; அதை எடுத்துவிட்டு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், பிறகு திரையால் என்ன பிரயோசனம்? முற்றத்துத் தகட்டை ஓர் அடி உயர்த்தி, சுற்றிலும் வலை அடித்தோம். அனலுக்கு வாய் திறந்தது. கடைசியாக, மாடி அறையின் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டோம். தரையில் தேங்கும் குளிர்ச்சியை அது கலக்கிக் கொடுக்கிறது. எல்லாம் சேர்ந்து புது யந்திரத்தின் விலைக்குக் குறைவாகவே ஆயிற்று. டியூடர் உயிரோடிருந்தால் சபாஷ் சொல்லியிருப்பார். எல்லாம் மரத்தூள் வேலைதான்.

இப்போது மாடியில் அதே ஒன்றரை டன் யந்திரம், பத்து மணிக்குப் போட்டால் நடுநிசிக்குள் ஓய்ந்து மூச்சு விடுகிறது. கீழே போர்வையைப் பெட்டியில் வைத்தாயிற்று.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பக்கச் சந்தில், வேப்பமரத்தடியில், பல வருஷமாக ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். ஏஸி வாங்கிய கோடையில் அவர் வண்டியைத் தெருவின் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அங்கே மரமும் கிடையாது, நிழலும் கிடையாது. கூலி விஷயத்தில் ஏதோ மனஸ்தாபம் என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை. இந்த வேலையெல்லாம் நடந்தபோது ஒருநாள் அவரே மெல்லச் சொன்னார்.

"சண்டையெல்லாம் இல்ல, சார். உங்க மிஷின் காத்து நேரா என் முதுகுல அடிச்சுது. கரிப் பெட்டிச் சூடு முன்னால, உங்க காத்துச் சூடு பின்னால. எவ்வளவு நேரம் நிக்க முடியும்?"

எனக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. ஏஸி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள உஷ்ணத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. தான் ஓடுகிற உஷ்ணத்தையும் அதோடு சேர்த்துத் தள்ளுகிறது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் வெளியே என்றால் யாருடைய முதுகு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்காக்களை நினைத்துக்கொண்டேன். உத்தரத்தில் நீளத் துணி தொங்கும். அதன் கயிறு சுவர்த் துவாரம் வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருவன் கோடைப் பகலிலும் இரவிலும் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பான். உள்ளே துரைக்குக் காற்று. வெளியே அவனுக்கு வேர்வை. கயிற்றின் அந்தப் பக்கம் இருந்தவனின் முகத்தைத் துரை பார்த்ததில்லை. இடையில் சுவர் இருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவிலும் ஒரு சுவர்தான் இருந்தது. கயிறு இருந்த இடத்தில் செப்புக் குழாய், அவ்வளவே வித்தியாசம். அந்த நாளில் இதைப் படித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்த அதே ரத்தத்தோடுதான் மூன்று கோடை சுகமாகத் தூங்கியிருக்கிறேன்.

மறுவாரம் பையனை வரவழைத்து, வெளிப்பெட்டிகள் இரண்டையும் மொட்டை மாடிக்கு ஏற்றச் சொன்னேன். குழாய் நீள வேண்டும், செலவு கூடும் என்றான். கூடட்டும் என்றேன். வேலையின் நடுவே அவனுக்கு டன்னின் கதையைச் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "அப்போ தினம் ஒன்றரை டன் ஐஸைத்தான் நான் இந்த மாடிக்குத் தூக்கிட்டு வந்திருக்கேனா சார்?" என்று சிரித்தான். பிறகு யோசித்து, "அந்தச் சூடு இப்ப எங்க போகும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வானத்துக்குப் போகும் என்று சொன்னேன். முழு உண்மை அது அல்ல. ஊருக்குத்தான் போகிறது. தெருவில் உள்ள பெட்டிகளெல்லாம் சேர்ந்து விடும் மூச்சில் என்னுடையதும் ஒன்று. ஒரு முதுகிலிருந்து எடுத்துப் பல முதுகுகளுக்குப் பங்கிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால், யந்திரம் குறைவாக ஓடும்படி வீட்டைச் சீர்திருத்தியது பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

இஸ்திரி வண்டி வேப்பமரத்தடிக்குத் திரும்பிவிட்டது. பெரியம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, யந்திரத்தை நிறுத்தி, காற்றுப் போக்கியைத் திறந்து, கிழக்கு ஜன்னலண்டை உட்கார்ந்துகொள்கிறாள். அந்த நேரத்தில் கடலிலிருந்து ஒரு காற்று வருகிறது. அதற்கு டன் கணக்கு யாரும் போட்டதாகத் தெரியவில்லை.